செத்தால் என்ன போகும்?

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் மின்னஞ்சலில் பாதி முழங்கால் வலி, மீதிப் பாதி பறிபோன மாடு. முழங்காலைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, அவ்வளவுதான். மாட்டைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஆல்பியன் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் தாது மூட்டையை மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு போன உன்னை மூன்று பேர் வழிமறித்து அடித்து, மாடு, மூட்டை, மேல் சட்டை வரைக்கும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். "ஓய்வு பெற்ற மனிதனை நடுக்காட்டில் இப்படி நிறுத்துவதற்குப் பெயர் விளையாட்டா?" என்ற வரியை மாலதிக்குப் படித்துக் காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, "பாவம், அண்ணனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்" என்றாள்.

நீ கேட்டது இதுதான்: மனிதர்களோடு மோதும் இந்தப் பிவிபியை அறவே ஒதுக்கிவிட்டு, கணினி ஓட்டும் பூதங்களை மட்டும் அடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாமா? வேண்டாம் என்பது என் கட்சி. பூதம் நேற்று என்ன செய்ததோ அதையேதான் இன்றும் செய்யும். எதிரில் மனிதன் இருந்தால்தான் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத அந்தச் சுவை கிடைக்கும். ஆனால் எந்த விளையாட்டானாலும் உள்ளே நுழையும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இங்கே செத்தால் என்ன போகும்? காசு வைத்து ஆடும் சீட்டுக்கும் வைக்காமல் ஆடும் சீட்டுக்கும் உள்ள வேறுபாடுதான். சீட்டு ஒன்றே, விதி ஒன்றே, ஆனால் உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சுத் துடிப்பு வேறு. நீ ஆட்டம் பழகும் முன்பே காசு வைத்து ஆடும் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டாய்.

உன் விளையாட்டு இதை மறைப்பதும் இல்லை. வரைபடத்துக்கு நிறம் பூசியே வைத்திருக்கிறார்கள். நீலப் பகுதியில், சண்டைக்கு நீயாகக் கொடி பிடிக்காத வரை உன்னை யாரும் தொட முடியாது. மஞ்சளில் அடித்து வீழ்த்தலாம். விழுந்து எழுவாய், கருவிகள் கொஞ்சம் தேயும், எதுவும் பறிபோகாது. சிவப்பிலும் கறுப்பிலும்தான் செத்தவன் மேலிருப்பது எல்லாம் பறிபோகும். நல்ல தாது அங்கேதான் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆசை காட்டுவதற்கென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பகுதியில் திரையின் மூலையில் ஓர் எண் தெரியுமே, பார்த்தாயா? தாக்கத் தயாராக எத்தனை பேர் அப்போது அந்தப் பகுதியில் உலவுகிறார்கள் என்ற கணக்கு அது. தாதுவை வெட்டும்போது பாறையைப் பார்க்காதே, அந்த எண்ணைப் பார். அது ஏறினால் கிளம்பிவிடு.

ஈவ் ஆன்லைன் ஆடுகிறவர்களிடம் ஒரு விதி உண்டு: இழக்க மனமில்லாத கப்பலில் ஏறாதே. 2003 முதல் ஓடிக்கொண்டிருக்கும் விண்வெளி விளையாட்டு அது. அங்கே கப்பல் உடைந்தால் உடைந்ததுதான், திரும்பி வராது. "பாதுகாப்பான" பகுதி என்று பெயர் போட்டிருக்கும் இடத்திலும் உன்னை அடிப்பார்கள். கான்கார்டு என்ற காவல்படை வந்து அடித்தவன் கப்பலை நொறுக்கும், ஆனால் உன் கப்பலைக் காப்பாற்றாது. தண்டனை உண்டு, பாதுகாப்பு இல்லை. இருபத்தைந்து ஆண்டு வங்கியில் இருந்த உனக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும். 2014 ஜனவரியில் அந்த விளையாட்டில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் நடந்த பெரும்போரில் டைட்டன் என்ற மிகப் பெரிய வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. உண்மைப் பணத்தில் சுமார் 3 லட்சம் டாலர் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். போர் மூண்டதற்குக் காரணம், அந்த மண்டலத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை ஒரு தவணை கட்டப்படாமல் போனது. தவணை தவறியதால் வந்த இத்தனை பெரிய சேதத்தை நீ உன் கிளையில்கூடப் பார்த்திருக்க மாட்டாய்.

உன்னை அடித்த மூவரையும் "மனநோயாளிகள்" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்கு உன்மேல் என்ன பகை? உன் வயதும் தெரியாது, முழங்காலும் தெரியாது. மாட்டின் முதுகில் இருந்த மூட்டைதான் தெரிந்தது. விளையாட்டு அனுமதித்ததைத்தான் செய்தார்கள். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதையான மட் என்பதை உருவாக்கிய இருவரில் ரிச்சர்ட் பார்ட்டில் ஒருவர். அவர் 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆடுபவர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு ஜாதிகளாகப் பிரித்தார். டைமன் பொருள் சேர்ப்பவன், ஸ்பேட் தோண்டித் துருவிப் புதிய இடம் தேடுபவன், ஆர்ட்டின் அரட்டைக்காக வருபவன், கிளாவர் அடுத்தவனை அடிப்பதற்கென்றே வருபவன். கிளாவர் கூட்டம் அளவுக்கு மீறினால் மற்றவர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள் என்பதும் அவர் கணித்ததுதான். நீ அசல் டைமன். கல்லூரி விடுதியில் தீப்பெட்டிப் படம் சேர்த்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

அவர் கணிப்பு மறு ஆண்டே அல்டிமா ஆன்லைனில் பலித்தது. 1997 ஆகஸ்டில் அதன் சோதனை ஓட்டத்தின்போது, விளையாட்டைப் படைத்த ரிச்சர்ட் கேரியட்டே லார்ட் பிரிட்டிஷ் என்ற அரசர் வேடத்தில் மக்கள் முன் தோன்றினார். கூட்டத்திலிருந்த ஒருவன் தீச்சுவர் மந்திரத்தை எய்து அரசரையே கொன்றுவிட்டான். படைத்தவனுக்கே அந்தக் கதி என்றால் ஊரைத் தாண்டி விறகு வெட்டப் போகும் புதியவன் கதியை நினைத்துப் பார். 2000-இல் உலகத்தையே இரண்டாகப் பிளந்தார்கள்: டிராம்மெலில் சம்மதமில்லாமல் யாரையும் அடிக்க முடியாது, ஃபெலூக்காவில் பழையபடி எல்லாம் நடக்கும். பெரும்பாலான ஜனம் டிராம்மெலுக்குக் குடிபெயர்ந்தது.

அதனால் ஜனங்களுக்கு ஆபத்தே பிடிக்காது என்று முடிவுகட்டிவிடாதே. ரூன்ஸ்கேப்பில் நேர்மாறாக நடந்தது. உண்மைப் பணத்துக்கு விளையாட்டுப் பொருள் விற்பவர்களை ஒழிக்கிறோம் என்று 2007 டிசம்பரில் வைல்டர்னஸ் என்ற காட்டில் ஒருவரையொருவர் கொல்வதை எடுத்துவிட்டார்கள். ஊர் கொந்தளித்தது. பிறகு நடந்த வாக்கெடுப்பில் 12 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் "திரும்ப வேண்டும்" என்றார்கள். 2011 பிப்ரவரியில் காடு பழையபடி ஆனது. இதை நான் எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், பலருக்கும் ஆபத்து வேண்டும், ஆனால் அதற்குள் எப்போது நுழைவது என்பது தன் கையில் இருக்க வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2018-இல் வார் மோடு என்று ஒரு சுவிட்சையே வைத்துவிட்டது. தலைநகருக்குப் போய்ப் போட்டுக்கொண்டால் எதிரணியினர் உன்னை அடிக்கலாம், நீயும் அடிக்கலாம், கொஞ்சம் கூடுதல் அனுபவப் புள்ளியும் உண்டு. போடாவிட்டால் உன் பாட்டுக்குப் போகலாம். அதற்கு முன்பெல்லாம் பிவிபி சர்வரா, சாதா சர்வரா என்று தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தலைவிதி எழுதப்பட்டுவிடும். ஸ்ட்ராங்கில்தார்ன் வேல் காட்டில் சின்ன லெவல்காரர்களைப் பெரிய லெவல்காரர்கள் துரத்தித் துரத்தி வெட்டிய கதையைப் பழைய ஆட்டக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

நீ கற்றுக்கொள்ள வேண்டிய இடம் காடு அல்ல, களம். ஆல்பியனிலேயே அரீனா இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து பேர், செத்தாலும் எதுவும் பறிபோகாது. கையிலுள்ள செல்பேசியிலேயே ஆடலாம். ஆசிய சர்வர் சிங்கப்பூரில் இருப்பதால் பொத்தானை அழுத்தியதும் வாள் விழும். இன்றைக்கே போய்ப் பார்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது கில்ட் வார்ஸ் 2-தான், அதை உன் தலையில் கட்டாமல் விடமாட்டேன். அதன் பிவிபி கூடத்துக்குள் காலை வைத்ததும் எல்லோரும் 80-ஆம் லெவல். நேற்றுச் சேர்ந்தவனும் பத்தாண்டு ஆடியவனும் ஒரே பட்டியலிலிருந்துதான் தாயத்தும் ரூன் என்ற மந்திரக்கல்லும் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவியின் வலிமையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. செல்பேசிகளில் வரும் சில விளையாட்டுகளில் வலிமையைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து அடிக்கிறார்கள். அவற்றில் புதியவனுக்குத் தோல்வியிலிருந்து கற்க எதுவுமே இல்லை, பர்ஸைத் திறக்கத்தான் கற்பான்.

கில்ட் வார்ஸ் 2 பிவிபியில் வழக்கமான ஆட்டம், ஐந்துக்கு ஐந்து பேராக மூன்று வட்டங்களைப் பிடிப்பது. நம் பக்கத்து வட்டம், நடு வட்டம், எதிரி பக்கத்து வட்டம். வட்டம் கையிலிருக்கும் வரை புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும். 500-ஐ முதலில் தொட்ட அணி வென்றது. ஒரு கொலைக்கு ஐந்தே புள்ளி. புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வட்டத்தை விட்டுவிட்டு, ஓடுகிற எதிரியைத் துரத்திக்கொண்டு சாலைக்குப் போய்விடுவார்கள். நீ துரத்தாதே. உன் அணி பிடித்த வட்டத்தில் நின்றுகொள். எதிரி வந்து அடித்தாலும், நீ உயிரோடு உள்ளே நிற்கும் வரை வட்டம் அவன் கைக்கு மாறாது. உன்னை வீழ்த்த இரண்டு பேர் வந்தால் இன்னும் நல்லது. மற்ற இடங்களில் நம்மவர் நால்வருக்கு எதிரே அவர்கள் மூவர்தான். ஒருவரைக்கூடக் கொல்லாமல், சாகாமல் இழுத்தடித்தே ஆட்டத்தை வென்று கொடுக்கலாம். கடன் கேட்டு வந்தவர்களை மறுக்காமலும் கொடுக்காமலும் மாதக்கணக்கில் உட்காரவைத்த உனக்கு இதில் தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

இழுத்தடிக்க உருளத் தெரிய வேண்டும். தொடர்ந்தாற்போல் இரண்டு முறை உருண்டு அடியைத் தவிர்க்கலாம்; பிறகு அந்தத் தெம்பு மெல்லத்தான் ஊறும். பயத்தில் முதல் இரண்டு நொடியிலேயே இரண்டையும் செலவழித்துவிட்டு, நிஜமான பெரிய அடி வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பதுதான் புதியவர்கள் சாவதற்கு முதல் காரணம். எதிரி ஆயுதத்தைப் பின்னுக்கு இழுத்து ஓங்கும் வரை காத்திரு. அதைக் கண்ணால் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். விரல் வேகம் நம் வயதில் குறைவுதான், ஆனால் இதற்கு வேண்டியது பொறுமை.

உயிர் தீர்ந்தாலும் உடனே சாவதில்லை, அதுதான் இதில் அழகு. தரையில் விழுந்து கிடப்பாய். கதையை முடிக்க எதிரி உன் பக்கத்தில் வந்து சில நொடி நின்று தன் கொடியை உன் மேல் ஊன்ற வேண்டும். நான் ஆடுவது போர்வீரன். படுத்த படுக்கையிலேயே கல்லெறியலாம். அவன் கொடியை ஓங்கி முக்கால்வாசி நேரம் கழிந்த நொடியில் சம்மட்டியை எறிந்தால் குப்புற விழுவான். அவன் எழுந்து மறுபடி தொடங்குவதற்குள் நம்மவர் யாராவது ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். போன வாரம் அப்படி என்னைத் தூக்கிவிட்ட ஆள் அடுத்த நொடியே தான் விழுந்தான்; நான் அவனைத் தூக்க, அவன் என்னைத் தூக்க, கோபத்தில் எதிரணி மூவர் எங்களைச் சுற்றியே நின்றார்கள். நடு வட்டம் அதற்குள் நம் கைக்கு வந்துவிட்டது. ஆள் எந்த நாடு, ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. முடிந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான்.

எல்லோரும் கும்பிடு போடமாட்டார்கள். தோற்றால் சொந்த அணிக்காரனே வாய்க்கு வந்தபடி எழுதுவான். அரட்டைப் பெட்டியை மூடிவிடு, பதில் எழுதி நேரத்தை வீணாக்காதே. ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் 2022-இல் வந்த கிரிஸ்டலைன் கான்ஃப்ளிக்ட் ஆட்டத்தில் இந்தத் தொல்லையையே அடைத்துவிட்டார்கள். தயாராக வைத்த சில வாசகங்களைத் தவிர வேறு எதையும் ஆட்டத்தின் நடுவில் எழுத முடியாது. மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்யலாம், ஏனோ செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

இங்கே மற்ற செய்திகள். சின்னவள் ஒரு வழியாக நீச்சல் வகுப்புக்குப் போகச் சம்மதித்திருக்கிறாள். ராமநாதபுரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசியிருக்கிறேன். கேட்ட தொகையைச் சொன்னால் உன் முழங்கால் இன்னும் வலிக்கும். நம் தமிழய்யா போன மாதம் காலமானார் என்று கேள்விப்பட்டேன், உனக்குத் தெரியுமா? எண்பத்தெட்டு வயது. கடைசி வரை கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படித்தாராம்.

உன் மகன் விட்டுப்போன மடிக்கணினி சும்மாதானே கிடக்கிறது? அதில் கில்ட் வார்ஸ் 2-ஐ இறக்கி வை, தொடக்க விளையாட்டு இலவசம்தான். கோப்பு பெரியது, இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடு. சர்வர் கேட்டால் ஐரோப்பாவைத் தேர்ந்தெடு, அமெரிக்காவைவிட நமக்கு அது கிட்டம். நெக்ரோமேன்சர் என்ற மந்திரவாதி பாத்திரத்தை எடுத்துக்கொள், ஓடத் தெரியாத ஜாதி, ஆனால் இரண்டாவது உயிர்போல ஒரு நிழலுருவம் உண்டு, சீக்கிரம் சாகாது. சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் வாட்ஸப்பில் கூப்பிடுகிறேன். நீ வட்டத்தில் நில், நான் பக்கத்தில் இருக்கிறேன். தரவரிசை ஆட்டம் பக்கமே போக வேண்டாம், சாதா ஆட்டம் போதும். தங்கையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாலு

பி.கு.: மாட்டுக்காகத் துக்கம் காக்காதே. ஆல்பியன் சந்தையில் அதே மாடு கிடைக்கும். வாங்கினால் நீலப் பகுதியைத் தாண்டி ஓட்டாதே.