ஆம்பூருக்கு அடுத்த வார்த்தை

காட்பாடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மல்லிகா,

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை. வேலூரில் வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லவா வேண்டும்?

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது என்னைப் பிடித்து ஒரு குழுவில் போட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அடிப்படைப் பாடம் வைக்கப் போகிறார்களாம். கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் கணக்கிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். வரலாறு நடத்துகிற எனக்கு அது எங்கே எட்டும்? சோதனை வகுப்பில் போர்டில் 'ஆம்பூர்' என்று எழுதி, அடுத்த வார்த்தை என்ன என்று கேட்டேன். "பிரியாணி!" என்று வகுப்பே கத்தியது. கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் மெதுவாக, "ஷூ கம்பெனி, மேடம்" என்றாள். அவள் அம்மா அங்கே அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறார்.

சாட்ஜிபிடி செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்றேன். விழுங்கிவைத்த எழுத்தையெல்லாம் கொண்டு, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறது. பிரியாணியைப் பற்றி ஊரே எழுதியிருக்கிறது. அப்பர் தைப்பவர்களைப் பற்றி எழுதியது யார்?

அப்புறம் ஒரு பையன் 1806 வேலூர்ப் புரட்சிக்கு அதனிடம் ஆதாரம் கேட்டான். ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு ஒரு புத்தகத்தைச் சொன்னது. நூலகத்தில் தேடினால் அப்படி ஒரு புத்தகமே கிடையாது! நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இதே மாதிரி இல்லாத தீர்ப்புகளை மனுவில் எழுதிக் கொடுத்து, 2023-இல் 5,000 டாலர் அபராதம் வாங்கிய கதையைச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். போன வருடம் குடியாத்தத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கொடுத்தான். கண்டுபிடிக்கிற மென்பொருள் ஒன்றில் போட்டேன். இயந்திரம் எழுதியது என்று வந்தது. பூஜ்ஜியம் போட்டுவிட்டேன்டி. மறுநாள் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். ஒரே கட்டுரை நான்கு தடவை, அடித்தும் திருத்தியும். ஓரத்தில் அகராதி பார்த்த சொற்களுக்குப் பென்சிலில் தமிழ் அர்த்தம்.

மார்க்கைத் திருத்தினேன். விஷயம் பிறகுதான் தெரிந்தது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டதாம். ஆங்கிலத்தைப் படித்துக் கற்றுக்கொண்டவர்களின் கட்டுரைகளில்தான் இந்த மாதிரிக் கருவிகள் அதிகம் தவறுகின்றன. நம் பிள்ளைகள் தெரிந்த, பழகிய சொற்களாகப் பார்த்துத்தானே எழுதுவார்கள்? இயந்திரமும் அப்படித்தான். ஆம்பூர் என்றால் பிரியாணி.

அதனால் குழுவில், இந்தப் பாடத்தின் முதல் வகுப்பை ஆசிரியர்களுக்குத்தான் எடுக்க வேண்டும் என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. டீ வந்தது. 'பரிசீலிக்கப்படும்' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். நானும் விடுவதாக இல்லை. அடுத்த கூட்டத்துக்கு, அவன் சம்மதித்தால், அந்த நோட்டை எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. இப்போதும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுகிறான்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன்.

உன்,
சாந்தி