காசிமேட்டு வறுவல் கடையிலிருந்து ஒரு நன்றி மடல்

காசிமேடு துறைமுகத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொன்னால் யாரும் நின்று கேட்பதில்லை. "போம்மா, எண்ணெய் காயுது பாரு" என்று விரட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்கள், மகள் நான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியதில் எங்கள் கடையின் தகரக் கூரை பறந்துவிட்டது, வண்டி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் கூடை தூக்கும் அண்ணன்கள். அவர்கள் வீட்டுக்குள்ளேயே முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நேரம் அது. லாஞ்சுகளுக்கு, அதாவது பெரிய விசைப்படகுகளுக்கு, வெல்டிங் வைக்கும் அண்ணன், கையில் அத்தனை வேலை இருந்தும் எங்கள் வண்டிக்குப் புதுச் சட்டம் அடித்துக் கொடுத்தார். இரும்புக்கு மட்டும் காசு வாங்கினார். கூலி என்று பேச்செடுத்தால் ஒரு தட்டு சுறா புட்டு கேட்டார். அதைக்கூட உட்கார்ந்து சாப்பிட அவருக்கு நேரமில்லை, பார்சல்தான்.

கடை நின்றது, ஆனால் மீன் தின்ன ஆள் இல்லை. அந்த மழை வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பெட்ரோலிய எண்ணெய் மிதந்ததை டிவியில் பார்த்தவர்கள், எந்த மீனைக் கண்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பயம் நியாயமானது. எண்ணூர்க்காரர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் எங்கள் நஷ்டம் ஒன்றுமே இல்லை. அப்போது லாஞ்சு டிரைவர் மாமா எங்கள் கடை வாசலில் நின்று, எந்த மீன் எங்கே பிடித்தது, கரையிலிருந்து எத்தனை தூரம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார். சாதாரணமாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர்!

ஏலம் எடுக்கும் அத்தைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலை ஏலத்தில் மீன் கூடை கூடையாகத்தான் போகும். எங்களுக்கு வேண்டியதோ ஒரு கூறு கடம்பா (கணவாய்), ஒரு கூறு இறால், கொஞ்சம் நெத்திலி. அத்தைகள் தாங்கள் எடுத்த கூடையிலிருந்து எங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை வித்துட்டு குடு" என்பார்கள். ஞாயிறு மழை பெய்தால் கணக்கு அடுத்த ஞாயிறுக்குப் போகும். புரட்டாசி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பாதி ஊர் மீன் பக்கமே வராது. அந்த மாதம் முழுக்கக் கடன் சொன்னபோதும் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம், மீன் வெட்டும் அக்காக்கள். எங்கள் கடம்பா வறுவல் மிருதுவாக இருக்கிறதென்று பாராட்டுகிறவர்களே, பாதிப் பாராட்டு அவர்களுக்குப் போக வேண்டும். மைப்பை உடையாமல் தலையை உருவி, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் தண்டை இழுத்து, தோலை உரித்து, ஒரே அளவு வளையமாக நறுக்கித் தருவார்கள். அளவு மாறினால் ஒன்று வேகும்போது இன்னொன்று ரப்பராகிவிடும். அம்மாவின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்: மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, சோம்பு, கொஞ்சம் அரிசி மாவு, எலுமிச்சை. கலர் பவுடர் கிடையாது. சிவப்பாக இல்லையே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன செய்ய!

ஐஸ் கடை அண்ணனிடம் வாங்கிய திட்டுக்கும் நன்றி. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது அவர் கணக்கு. குறைத்தால் சண்டைக்கு வருவார். சூரையும் காணாங்கெளுத்தியும் வெயிலில் கிடந்தால் அதில் ஒரு நஞ்சு ஊறிவிடும், எவ்வளவு வறுத்தாலும் போகாது, தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதிலிருந்து ஐஸ் பெட்டி காலியானால் கடையும் மூடப்படும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கல்லூரித் தம்பிக்கு நன்றி. அப்போது 100 ரூபாய் கட்டணத்தில் முடிந்த வேலைக்கு வேறு ஒருவர் எங்களிடம் கேட்ட தொகையை இங்கே எழுதவில்லை. தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தில் அப்போது கொடுத்த முதல் 10,000 ரூபாய்க் கடனை அடைத்ததும், அடுத்த 20,000 கிடைக்கும் என்று நினைவூட்டி, தாளெல்லாம் சரிபார்த்துக் கொடுத்த வங்கி மேடத்துக்கும் நன்றி. புது அடுப்பு அந்தப் பணத்தில் வாங்கியது.

ஒரு தகவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், லாஞ்சுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு கொண்டுவரும் மீன்தான் கிடைக்கும். நெத்திலி வறுவல் இருக்கும். கடம்பாவும் சுறா புட்டும் அன்றைக்கு வருவதைப் பொறுத்து. கடை மூடாது.

கடைசியாக, புயல் ராத்திரி எங்கள் சாமான்கள்மேல் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனவர் யாரென்று இன்னும் தெரியவில்லை. ஓரத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
வறுவல் கடைக் குடும்பம்