பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

முறுக்கும் பருப்புப்பொடியும் பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். முறுக்கை ரூம் பிள்ளைகளுக்கும் கொடு. நீயும் சாப்பிடு.

போன் பண்ணினால் "ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். கோயில் கொடைக்கு வரவில்லை, அத்தை மகள் வளைகாப்புக்கும் வரவில்லை. நம் வீட்டில் முதல் இன்ஜினியர் நீ என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு மாணவியைக் கெடுத்தானே ஒருவன், அந்த வழக்கில் தண்டனை சொன்ன அன்று, 2025 ஜூன் 2ஆம் தேதி, உன்னைக் கூப்பிட்டேனே. ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறையக்கூடாதாம் என்றேன். நீ பேசவே இல்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அந்தப் பிள்ளை, அவன் மிரட்டியும் போய்ப் புகார் கொடுத்தாள். அவள் விவரத்தோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்ததற்கு 25 லட்சம் கொடுக்கச் சொன்னது ஐகோர்ட். நம் தெருவில் மட்டும், அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

செல்வி மகளிடம் விசாரித்தேன். உன் பேரை எடுக்கவில்லை. காலேஜ் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். முடியாமல் போனதற்குக் காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாசம் தரலாமாம். போலீசில் அந்தக் கெடு இல்லை. எந்த ஸ்டேஷனில் போய்ச் சொன்னாலும் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் வைத்தியம் பார்க்கணும், காசு வாங்கக்கூடாது. பெண்கள் உதவி எண் 181ஐப் போனில் போட்டுவை. யாருக்காவது உதவும்.

தனியாகப் போகாதே, சீக்கிரம் ஹாஸ்டலுக்கு வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி, அடித்துவிட்டேன். பிளஸ் ஒன்னில் டியூஷன் சாரைப் பற்றி நீ சொன்ன சாயங்காலமும் இதே மாதிரிதான் பேசினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாய். "ஒழுங்காப் போடு அதை, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். டியூஷனை மாற்றினேன், சரி, முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஆள் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். கோயிலில் பார்த்தால் வணக்கம் வைக்கிறேன், பாப்பா. அவன் செய்ததற்கு நான் உன்னைத் திட்டினேன். என் தப்பு அது.

சாப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பா தோட்டத்துக்குப் போய்விடுவார், மத்தியானம் வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அம்மா