செயலாளர் ஆண்டறிக்கை: கர்ப்பிணிகளும் எச்.ஐ.வி கணக்கும்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாசாந்திரக் கூட்டம் வழக்கம்போல நடந்துச்சு, வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பாங்க, அதனால நேரா நாம எடுத்துக்கிட்ட விழிப்புணர்வு வேலைக்கு வந்துடறேன்.

போன இடத்துலெல்லாம் முதல்ல கேட்டது, கர்ப்பிணிகள்ல எத்தனை பேருக்கு எச்.ஐ.வி இருக்குன்னுதான். ஊருக்கு ஊர் மாறுற கணக்கு அது. தென்னாப்பிரிக்காவுல 1990ல கர்ப்பிணிகள்ல நூத்துக்கு ஒருத்தர்கூட இல்ல, 2010ல பாத்தா நூத்துக்கு முப்பது பேர். இந்தியாவுல 2021 கணக்குப்படி 0.22 சதவீதம், ஆயிரத்துக்கு ரெண்டு பேர்னு வச்சுக்கலாம்.

ஆயிரத்துக்கு ரெண்டுதானே, எதுக்கு எல்லாருக்கும் டெஸ்ட்டுன்னு நம்ம கமிட்டிலயே ஒருத்தர் கேட்டாரு. அந்த ரெண்டு பேர் யாருன்னு டெஸ்ட் பண்ணாம எப்படிங்க தெரியும்? கண்டுக்காம விட்டா கர்ப்பத்துல, பிரசவத்துல, தாய்ப்பால்லன்னு குழந்தைக்குப் போற வாய்ப்பு 15ல இருந்து 45 சதவீதம் வரைக்கும், எச்.ஐ.வி வைரஸ அடக்குற ஏ.ஆர்.டி மாத்திரைய விடாம எடுத்தா அது 5க்கு கீழ வந்துடும், சீக்கிரமே ஆரம்பிச்சு வைரஸ் நல்லா அடங்கியிருந்தா 1 சதவீதம்கூட வராது. 2015ல கியூபா, அடுத்த வருஷம் தாய்லாந்து, தாய்கிட்ட இருந்து குழந்தைக்குப் பரவுறத கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சான்று குடுத்துச்சு.

இன்னொன்னு, நோய் கம்மியா இருக்கற இடத்துல முதல் டெஸ்ட்டுல பாசிட்டிவ்னு வந்தவங்கள்ல பாதிக்கு மேல நிஜத்துல நோயே இல்லாதவங்களா இருக்கலாம். ஆயிரம் பேருக்கு அஞ்சு பேர தப்பா பாசிட்டிவ்னு காட்டுற டெஸ்ட் கிட்டுன்னா நிஜ பாசிட்டிவ் ரெண்டு, பொய் பாசிட்டிவ் அஞ்சு! அதனாலதான் அடுத்தடுத்து வேற கிட்டுல பாத்து மூணும் பாசிட்டிவ்னாதான் உறுதி பண்றாங்க, அதுக்குள்ள வீட்டுல போட்டு உடைச்சு அந்தப் பொண்ண அழ வைக்காதீங்கன்னு மாமியார்கள்கிட்ட தனியாவே சொன்னோம்.

கர்ப்பிணிகள்ல எச்.ஐ.வி சதவீதம் குறையலன்னா நோய் பரவுதுன்னும் அர்த்தம் இல்ல, மாத்திரையால நல்லா வாழ்ந்து குழந்தை பெத்துக்கறவங்களும் அந்தக் கணக்குலதான் வருவாங்க. செக்கப்புக்கே வராத பொம்பளைங்க அதுல வரவே மாட்டாங்க, எனக்கு அவங்கள நினைச்சாதான் கவலை.

வர்ற வருஷம் கணவர்களையும் டெஸ்ட்டுக்குக் கூப்பிடறதா தீர்மானம். முதல் டெஸ்ட்டுல நெகட்டிவ்னு வந்தவங்களுக்குக்கூட கர்ப்ப காலத்துல கணவர்கிட்ட இருந்து புதுசா தொத்திச்சுன்னா உடம்புல வைரஸ் ரொம்ப அதிகமா இருக்கும், குழந்தைக்குப் போற வாய்ப்பும் கூடும். ஆனா இப்ப வரைக்கும் ஆம்பளைங்க யாரும் பேர் குடுக்கல, உறுப்பினர்கள் முதல்ல குடுங்க.