பிறை தெரிய முன் மாட்டு வேலையை முடித்துவிடு

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். ஹட்டனில் இந்த முறை ஹஜ்ஜுப் பெருநாள் உழ்ஹிய்யாவுக்கு (குர்பானிக்கு) ஏழு பேர் சேர்ந்து மாடு கொடுக்கப்போவதாகவும், பொறுப்பு உன் தலையில் விழுந்திருப்பதாகவும் சொன்னாய். ஃபோனில் கதைத்தால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

துல்ஹஜ் முதல் பத்து நாட்களில் செய்யும் நற்செயலை விட அல்லாஹ்வுக்கு விருப்பமானது வேறு நாட்களில் இல்லை என்று புகாரி ஹதீஸில் (நபிமொழியில்) வருகிறது. நம் ஆட்களோ அந்தப் பத்து நாளும் மாட்டு விலை, லொறி, கத்தி என்றே அலைந்து திரிந்து, பிறை 9இல் வரும் அரஃபா நோன்பன்று களைத்துப் படுத்துவிடுகிறார்கள். அதனால் மாடு, காசு, கடதாசி எல்லாவற்றையும் முந்திய மாதமான துல்கஃதாவிலேயே முடித்துவிடு.

முதலில் ஆள் கணக்கு. மாட்டுக்கு ஏழு பேர், ஆட்டுக்கு ஒருவர். எட்டாவது ஆளை முகத்துக்காகச் சேர்த்து எட்டாகப் பங்கு வைத்தால் எட்டுப் பேருக்குமே உழ்ஹிய்யா ஆகாது. ஒரு பங்கை இரண்டு பேர் பாதி பாதியாகப் போடுவதும் அப்படித்தான். சேர்ந்த காசில் மிஞ்சுவதை ஆளுக்காள் திருப்பிக் கொடு. "பள்ளிக்குப் போட்டுவிடுவோம்" என்று நீயாகத் தீர்மானிக்காதே, அது அவர்கள் காசு.

மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். கீழ்த்தாடையைத் திறந்து பார். நடுவில் இரண்டு பெரிய பல், பக்கத்துப் பால்பற்களை விட அகலமாக, முழுதாக எழும்பி நிற்க வேண்டும். பாதி எழும்பிய பல்லைக் காட்டி "ரெண்டு பல்" என்பார்கள், ஏமாறாதே. ஆடு வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் சட்டத்தில் வெள்ளாட்டுக்கும் இரண்டு வயது நிறைய வேண்டும். ஆட்டில் இரண்டு பல் ஒன்று, ஒன்றரை வயதிலேயே வந்துவிடும். அதனால் நாலு பல் பார்த்து வாங்கச் சொல். பிறகு மாட்டை நடக்கவிட்டுப் பார். கட்டிவைத்த மாட்டில் நொண்டி தெரியாது. ஒற்றைக்கண் குருடு, தெளிவாகத் தெரியும் நொண்டி, நோய், எலும்பில் மஜ்ஜை வற்றிய மெலிவு, இந்த நாலும் ஹதீஸிலேயே விலக்கப்பட்டவை. காது அறுந்ததும், சினைப்பட்டதும் வேண்டாம்.

வாங்கிய கையோடு "இது என் உழ்ஹிய்யா" என்று வாய்தவறிச் சொல்லிவிடாதே. அப்படிச் சொன்னால் அது வாஜிபாகிவிடும் (கட்டாயமாகிவிடும்), நேர்ச்சை போல, அதில் நீங்கள் யாரும் ஒரு துண்டும் சாப்பிட முடியாது என்று ஷாபிஈ கிதாபுகளில் இருக்கிறது. கேட்டால் "சுன்னத்தான உழ்ஹிய்யாவுக்கு வாங்கியது" என்று சொல். சின்ன விஷயம்தான், ஆனால் வருடா வருடம் பார்க்கிற பிழை.

மாட்டின் உரிமைச் சீட்டு, மிருக வைத்தியரின் அத்தாட்சி, கொண்டுவரும் அனுமதி மூன்றும் லொறியில் இருக்க வேண்டும், வீட்டு அலுமாரியில் அல்ல. அறுக்கும் இடத்துக்கான அனுமதியைப் பள்ளி நிர்வாகம் மூலமாகவே எடு. போயாவையும் பார்த்துக்கொள், அன்று அறுக்க முடியாது. நம் பிறை 13, 14 வரும்போது பௌத்தர்களுக்குப் பௌர்ணமிப் போயா. 2025இல் பெருநாள் ஜூன் 7, பொசொன் போயா ஜூன் 10. மார்க்கத்தில் பிறை 13 மஃரிப் (சூரியன் மறையும்) வரை நேரம் இருந்தாலும் அந்த நாள் அப்படியே போனது. ஆகவே பெருநாளன்றோ மறுநாளோ முடித்துவிடு.

துல்கஃதா 29 அஸருக்குள் நகம், முடி வெட்டிக்கொள். பிறை தெரிந்ததிலிருந்து உங்கள் மாடு அறுக்கும்வரை, கொடுக்கிறவர் அவற்றை வெட்டுவது மக்ரூஹ் (விரும்பத்தகாதது). வீட்டில் மற்றவர்களுக்கு இது இல்லை. மறந்து வெட்டிவிட்டால் உழ்ஹிய்யா கெடாது, பரிகாரமும் இல்லை.

ஹட்டன் மூட்டத்தில் பிறையைத் தேடி மலையேற வேண்டாம், கொழும்பு பெரிய பள்ளிவாசல் அறிவிப்பைக் கேள். அரஃபா நோன்பு நம் பிறை 9இல். சவூதித் தேதியைப் பிடிக்கிற கூட்டாளிகளோடு தர்க்கம் பண்ணாதே. அவர்களுடைய 9 பெரும்பாலும் நம்முடைய 8. இரண்டு நாளும் நோன்பு பிடித்தால் முடிந்தது, எட்டும் சுன்னத்தான நோன்புதானே. அந்த ஒரு நோன்பு போன வருடத்துக்கும் வரும் வருடத்துக்கும் பாவப்பரிகாரம் என்று முஸ்லிம் ஹதீஸ் கிதாபில் இருக்கிறது. அங்கே குளிரில் தாகம் தெரியாது, ஸஹரில் தண்ணீர் குடிக்க மறந்து மத்தியானத்துக்குப் பிறகு தலையிடியோடு இருப்பாய். ஸுப்ஹு பாங்கு நாலரைக்கு முன்பே. மருமகளுக்கு ரமழானில் விட்ட நோன்பு (கழா) மிச்சம் இருந்தால் அந்த நாட்களிலேயே பிடிக்கட்டும், ஆனால் கழா நிய்யத்தை இரவிலேயே வைக்க வேண்டும். நோன்பில்லாத நாளாக இருந்தால் திக்ரு, துஆ, ஸதகா (தர்மம்) எதுவும் அவளுக்குத் தடையில்லை.

அரஃபா ஸுப்ஹிலிருந்து பிறை 13 அஸர் வரை ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்குப் பின்னும் தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்ல வேண்டும். மொத்தம் 23 வக்து. பெருநாள் மத்தியானத்தோடு இது மறந்துபோகும். கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டிவிடு.

இரத்தமும் கழிவும் புதைக்கிற கிடங்கை முந்திய நாளே வெட்டு. அந்த மாதங்களில் உங்கள் பக்கம் மழை விடாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மழை பெய்யும்போதே நின்று பார். லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஆட்கள் குடிக்கிற தண்ணீர்ப் பீலிக்கு மேலே ஒருபோதும் வெட்டாதே. ஓடைக்கும் கிட்ட வேண்டாம். இடுப்பளவு ஆழம், மேலே சுண்ணாம்பு, அதன்மேல் மண்ணை மிதித்து மூடு. மேலாக மூடினால் இரவே நாய் கிளறிவிடும். அறுக்கும் இடத்தைக் கோயிலுக்கும் பாதைக்கும் தெரியாதபடி தகரமோ படங்கோ கட்டி மறை. போட்டோ எடுக்க ஒருவனையும் விடாதே.

பெருநாள் தொழுகையும் குத்பாவும் (பிரசங்கமும்) முடிந்த பிறகுதான் அறுப்பு. தொழுகைக்கு முன் அறுத்தால் வெறும் இறைச்சி. மாட்டை இடப்பக்கமாகச் சாய்த்து, முகத்தைக் கிப்லாவுக்கு, அதாவது மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்காகத் திருப்பு. கயிறு பிடிக்க ஆறு பேர் போதும், பதினைந்து பேர் நின்றால் ஆளுக்காள் சத்தம் போட்டு மாட்டை மிரட்டுவார்கள். கத்தியை அதன் கண் முன்னே தீட்டாதே. பிஸ்மி, தக்பீர் சொல்லி, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபட வேண்டும், பக்கத்து இரண்டு இரத்தக்குழாயும் அறுபட்டால் இரத்தம் நன்றாக வடியும். அசைவு முற்றாக நிற்கும்வரை கால் வெட்டுவதோ தோலில் கை வைப்பதோ கூடாது. அவசரக்காரர்கள் இங்கேதான் பிழை விடுகிறார்கள்.

அறுக்கிறவர் கூலி காசாக. தோலோ, தலையோ, இறைச்சியோ கூலியில் சேராது. தோலை விற்கவும் கூடாது, அப்படியே ஸதகா கொடுத்துவிடு.

ஏழு பங்கையும் தராசில் நிறு, ஈரலையும் எலும்பையும் சேர்த்து. ஒவ்வொருவரும் தன் பங்கிலிருந்து ஏழைக்குப் பச்சையாகக் கொடுத்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஆக்கிச் சாப்பாடு போட்டால் அந்தக் கடமை நிறைவேறாது. இறைச்சியைச் சூட்டோடு பையில் கட்டிவிடாதே, இரண்டு மணித்தியாலத்தில் புளித்த வாடை வரும். பாயில் பரப்பி ஆறவிட்டுக் கட்டு. லயத்தில் மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளுக்கு அந்தப் பையோடு போய் நிற்காதே. அவர்களுக்கு வட்டிலப்பம் அனுப்பு, உம்மாவிடம் கேட்டால் முட்டைக் கணக்குச் சொல்வா.

கத்தி இரண்டையும் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை அக்குறணைக்கு வருகிறவர் யாராவது இருந்தால் சொல், கொடுத்தனுப்புகிறேன். ஏழு பேரின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதி அறுக்கிறவர் கையில் கொடுக்க மறவாதே.

வஸ்ஸலாம்,
வாப்பா