தெருவோரம் வைத்துவிட்டுப் போகும் நாற்காலிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "நாற்காலியைக்கூடவா தெருவில் போடுவார்கள்?" என்று போனில் கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. மரவேலை தெரிந்த உங்களுக்கு எழுதுவதால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள் அடங்காத பெரிய சாமான்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஷ்பெர்ம்யூல் என்று பெயர். சில ஊர்களில் நகராட்சியே தேதி குறித்துத் தெருத்தெருவாக வண்டி அனுப்பும். சில ஊர்களில் நாம் எழுதிப்போட்டு நாள் வாங்க வேண்டும். முந்தின நாள் மாலையே கட்டில், அலமாரி, மேஜை, நாற்காலி எல்லாம் வாசலோரம் வந்துவிடும். காலையில் வண்டி வந்தால் அதன் வாயில் போட்டு நசுக்கிவிடுவார்கள். இது தவிர, "இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி ஒட்டிய அட்டைப்பெட்டிகளும் வாசல்களில் இருக்கும். பீங்கான், கண்ணாடி, புத்தகம், துணி எல்லாம் அதில் கிடைக்கும்.

பொருள் கெட்டுப்போனதால்தான் வெளியே வருகிறது என்று நினைக்காதீர்கள். வயதானவர் காலமானதும் வாடகை வீட்டைக் குறித்த நாளுக்குள் காலி செய்து கொடுத்தாக வேண்டும். பிள்ளைகள் வேறு ஊரில், சிறிய வீட்டில் இருப்பார்கள். நாலு மாடி ஏறாத அலமாரி தெருவுக்குத்தான் வரும். இன்னொரு காரணம் கூலி. பழைய நாற்காலியின் பிரம்பு இருக்கையை ஆள் வைத்துப் பின்னுகிற கூலிக்குப் புது நாற்காலியே வாங்கிவிடலாம். அதனால் கையால் செய்த நல்ல வேலைப்பாடுதான் முதலில் வெளியேறுகிறது. எனக்கு மனது பொறுக்காத விஷயம் அதுதான்.

எடுக்கும் முன் சட்டம் தெரிய வேண்டும். வெளியே வைத்த சாமான் நகராட்சிக்கே சொந்தம் என்று சில ஊர்களில் விதி இருக்கிறது. பல இடங்களில் கண்டுகொள்ள மாட்டார்கள். வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் சந்தோஷமாகவே தருவார்கள். அது யாருடைய நாற்காலி என்ற கதையும் சேர்ந்து வரும். நகராட்சியின் சேகரிப்பு மையத்துக்குள் போய்விட்ட பொருளைத் தொடக்கூடாது. சூப்பர் மார்க்கெட் குப்பைப் பெட்டியிலிருந்து உணவு எடுப்பது திருட்டு: பவேரியாவில் அப்படி எடுத்த இரண்டு மாணவிகளுக்கு விதித்த தண்டனை சரியே என்று 2020-இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டில் மட்டும் வேறு கணக்கு. பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட் கடையில் திரும்பக் கிடைக்கும். அதைப் பொறுக்கி வயிறு கழுவுகிறவர்கள் உண்டு. அவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்று காலி பாட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பது இங்கே பலருடைய பழக்கம். அது அவர்களுக்கு உரியது. நாம் எடுக்கக்கூடாது.

இனி மரத்துக்கு வருகிறேன். இரவில் தெருவிளக்கில் பார்த்து முடிவு செய்வதால் கண்ணைவிடக் கைதான் உதவும். முதலில் ஒரு முனையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த தூள்பலகையும் கனக்கும் என்பதால் எடையை மட்டும் நம்பாமல் விளிம்பைத் தடவ வேண்டும். தூள்பலகை ஒருமுறை மழையில் நனைந்தால் ஓரம் ஊதி, விரலுக்கு மேடு தட்டும். அதை மீட்க வழியே இல்லை, விட்டுவிட வேண்டும். பலகையின் மேல்பக்கத்து ரேகை குறுக்குவெட்டு முனையிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம். விளிம்பில் ரேகை திடீரென்று நின்றால் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு. தகடு ஒட்டியது எல்லாமே மட்டம் என்றும் இல்லை. பழைய வால்நட் தகடு கெட்டியாக இருக்கும். அடியில் முழு மரம் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். இழுப்பறையை வெளியே இழுத்துப் பக்கவாட்டைப் பார்த்தால் வேலைக்காரனின் கை தெரிந்துவிடும். மூலையில் புறாவின் வால்போல் விரிந்து கோத்த புறாவால் பொருத்தின் பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக, ஓரத்தில் ஊசியால் கீறிய கோட்டோடு இருந்தால் கையால் அறுத்தது. எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவாக இருந்தால் இயந்திரம்.

அடுத்து பூச்சி. மரத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஓட்டைகள் இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. ஓட்டையின் வாய் கறுத்திருந்தால் பழசு. வெளிர் நிறத்தூள் கீழே கொட்டியிருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதிவரை 55 டிகிரி சூடு ஒரு மணி நேரம் நின்றால் புழு செத்துவிடும், ஆனால் தோல், எலும்பு காய்ச்சிய பழைய வஜ்ஜிரப்பசையும் அந்தச் சூட்டில் இளகும். அதனால் ஒட்டியதை எல்லாம் பிரித்துப் போட்டபிறகுதான் சூடேற்ற வேண்டும். மூட்டைப்பூச்சி இதைவிட ஆபத்து. திருகுக்குழியிலும் இருக்கைச் சட்டத்தின் அடியிலும் மிளகுத்தூள் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் கை வைக்கவே கூடாது. மெத்தை, சோபா எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

விஷம் என்று ஒன்றும் உண்டு. கூரை உத்திரம், சுவர்ப்பலகை மாதிரியான பழைய மரத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பென்டாகுளோரோபீனால் கலந்த மருந்து அடித்திருப்பார்கள்; ஜெர்மனியில் 1989-இல்தான் அதைத் தடை செய்தார்கள். அந்த மரத்தை இழைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. பழைய சிமென்ட் பூச்சட்டிகளில் கல்நார் இருக்கலாம். அதற்குத் தடை 1993-இல் வந்தது. பல அடுக்குப் பெயின்ட் ஏறிய பழைய ஜன்னல், கதவுகளில் ஈயம் இருக்கும், உப்புத்தாள் போட்டால் தூள் நெஞ்சுக்குள் போகும். இவை மூன்றும் பார்க்க அழகாகவே இருக்கும். இருந்தாலும் வேண்டாம்.

இத்தனையும் கழித்தபின் மிஞ்சுவதில் நீங்கள் பார்த்தே ஆக வேண்டியது தோனெட் வகை வளைமர நாற்காலி. மிக்கேல் தோனெட் என்ற ஜெர்மன் தச்சர் பீச் மரக்கம்பை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்து 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி அது. மொத்தமே 6 மரத்துண்டு, 10 திருகு, 2 நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகும். வளைக்கும்போது வெளிப்பக்கம் நீண்டு கிழியாமல் இருக்க அங்கே ஓர் இரும்புப் பட்டையை இறுகப் பிடித்து வளைத்தார். முழு உத்தியும் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. பலகையிலிருந்து வளைவாக அறுத்த காலில் ரேகை குறுக்கே வெட்டுப்படும், அங்கேதான் முறியும். வளைத்த மரத்தில் ரேகை வளைவோடு கூடவே ஓடுவதால் நூறு வருஷம் கழித்தும் கால் முறிவதில்லை. இதே மாதிரியைப் பல கம்பெனிகள் செய்தன. இருக்கை வளையத்தின் உள்பக்கத்தில் முத்திரையோ காகிதச்சீட்டோ ஒட்டியிருக்கும். சுத்தம் செய்கிற ஆவேசத்தில் அதைத் தேய்த்துவிடக்கூடாது. கிழிந்த பிரம்பும் ஆடுகிற காலும்தான் இந்த நாற்காலிகளைத் தெருவுக்குக் கொண்டுவருகின்றன. இரண்டையும் சரிசெய்துவிடலாம்.

ஆட்டத்துக்குப் பெரும்பாலும் திருகுதான் காரணம். குழி பெரிதாகியிருந்தால் பீச் மரச்சிம்பைப் பசை தடவி இறக்கி, காய்ந்தபின் சிறு துளையிட்டுத் திருகலாம். துளைக்குள் கழுந்து செருகிப் பொருத்திய சாதாரண நாற்காலி என்றால் பிரித்து ஒட்ட வேண்டும். பழைய வஜ்ஜிரம் இறுகி நின்றால் சந்தில் சில சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். பசையின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், பசை மொறுமொறுவென்று உடையும். பிறகு துணி சுற்றிக் கொட்டாப்புளியால் தட்டினால் கழன்றுவிடும். பழைய பசையின் மேல் வெள்ளைப் பசை பிடிக்காது. இளஞ்சூட்டு வெந்நீரால் சுத்தமாகக் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். வஜ்ஜிரமே போடுவதானால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், இரவு முழுக்க ஊறல், காலையில் தண்ணீருக்குள் பாத்திரம் வைத்து 60 டிகிரி சூடு. கொதித்தால் அதன் பலம் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அதே பசையை நான் சொல்வதற்குக் காரணம், ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் பிரிக்க வேண்டி வந்தால் மரம் சேதப்படாமல் வரும்.

இனிப் பிரம்பு. சட்டத்தைச் சுற்றி ஓட்டைகள் இருந்தால் கையால் பின்னியது; ஓட்டை இல்லாமல் பள்ளமாகக் காடி ஓடினால் நெய்த பிரம்புத் தகட்டைக் காடிக்குள் அழுத்தியது. தகடு சுலபம்: ஊறவைத்துக் காடிக்குள் ஆப்பால் இறக்கி, மேலே பிரம்புக் குச்சியைப் பசையோடு அடித்தால் ஆயிற்று. கைப்பின்னல் மெதுவான வேலை, அழகும் அதில்தான்.

ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 13 மில்லிமீட்டர் என்றால் 2.5 மில்லிமீட்டர் அகலப் பிரம்பு. 16 என்றால் 2.75. ஓர் இருக்கைக்கு ஏறக்குறைய 80 மீட்டர் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் 15, 20 நிமிடம் ஊறினால் போதும். அதிகம் ஊறினால் கறுத்துவிடும். பளபளப்புப் பக்கம் எப்போதும் மேலே. பிரம்பில் கணுக்கள் இருக்கும். ஒரு திசையில் இழுத்தால் வழுக்கிப் போகும், மறுதிசையில் சிக்கும். வழுக்கும் திசையில்தான் இழுக்க வேண்டும்.

முதல் வரிசை பின்னிருந்து முன்னுக்கு, நடு ஓட்டையில் தொடங்கி இரண்டு பக்கமும். நுனிகளை அடியில் ஒரு சாண் விட்டு மர ஆப்பால் ஓட்டையில் அடைத்துவைக்கலாம். இரண்டாவது, அதன் மேலேயே இடமிருந்து வலம். மூன்றாவது, மறுபடி பின்னிருந்து முன், அதே ஓட்டைகளில், முதல் வரிசைக்குச் சற்று வலப்பக்கமாக. இதுவரை பின்னலே கிடையாது, ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். நான்காவதில்தான் பின்னல் தொடங்கும்: இடமிருந்து வலம் போகும் இழை மூன்றாம் வரிசைக்கு மேலும் முதல் வரிசைக்குக் கீழுமாகப் போக வேண்டும். முடிந்ததும் ஈரம் காயும்முன் இரண்டு ஆப்புகளால் இழைகளை ஜோடி ஜோடியாக நெருக்கிவிட்டால் சின்னச் சதுரங்கள் தெரியும். ஐந்தும் ஆறும் மூலைவாட்டு இழைகள். ஒன்று நெடுக்கு ஜோடிகளுக்கு மேலும் குறுக்கு ஜோடிகளுக்குக் கீழும் போனால், மற்றது நேர்மாறாகப் போகும். எது எந்தத் திசைக்கு என்பது ஜோடிகள் படுத்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. சரியான திசை என்றால் இழை சதுரத்தின் மூலைக்குள் நழுவி உட்கார்ந்துகொள்ளும். தவறான திசை என்றால் இழுக்கும்போதே ரம்பம்போல் உராய்ந்து பக்கத்து இழையை அறுக்கும். உராய்வு தட்டியதும் பிரித்துவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு முடித்தால் அந்த இடத்தில்தான் முதலில் அறும்.

முதல் வரிசைகளைத் தம்பூரா நரம்புபோல் இறுக்கிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. காயும்போது பிரம்பு தானே இறுகும். தொடக்கத்திலேயே இறுக்கினால் மூலைவாட்டு இழை நுழைய இடம் இருக்காது. கடைசியில் நுனிகளைப் பக்கத்து வளையத்தில் முடிச்சிட்டு, ஓட்டைகளின் மேல் அகலப் பிரம்பை ஓடவிட்டு மெல்லிய இழையால் கட்டிவிட்டால் எட்டுமூலைக் கண்கள் இருக்கை முழுக்க விரிந்து நிற்கும். புதுப் பிரம்பு வெளிறியிருக்கும். சாயம் போட வேண்டாம், வெளிச்சமே அதற்குத் தேன் நிறம் கொடுக்கும். இங்கே ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் மிஷின், சுத்தியல் சத்தத்துக்கெல்லாம் அனுமதி இல்லை. பிரம்பு பின்னச் சத்தமே இல்லாததால் அந்த நாளுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி அறைக்காற்று வறண்டு பிரம்பு நொறுங்கும்; அவ்வப்போது அடிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றிவிட வேண்டும். தொய்ந்துபோன இருக்கையும் அடியில் வெந்நீர் ஒற்றி உலரவிட்டால் பழையபடி இறுகும்.

மேற்பூச்சைப் பற்றி ஒன்றே ஒன்று: சுரண்டாதீர்கள். மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பார்த்தால், பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அழுக்கை மட்டும் எடுத்து மேலே மெல்லிய ஒரு பூச்சுக் கொடுத்தால் போதும். சாய்வின் மேல்வளைவில் பலர் கைபிடித்து இழுத்த இடம் வழுவழுவென்று நிறம் மாறியிருக்கும். எந்தப் பாலிஷாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அம்மாவுக்கு ஒரு செய்தி. இலவசப் பெட்டிகளில் வெக் கண்ணாடி ஜாடிகள் கிடைக்கும். 1900-இல் தொடங்கிய கம்பெனி, கண்ணாடியில் ஸ்ட்ராபெரி முத்திரை இருக்கும். மூடியும் கண்ணாடிதான், நடுவே ரப்பர் வளையம், இரண்டு கவ்விகள். உப்பும் புளிப்பும் படும் மூடியில் உலோகமே இல்லாததால் ஊறுகாய்க்குத் துரு பயமில்லை. வாய் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, முடியளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் தள்ளிவிட வேண்டும். காற்று அங்கே புகுந்துவிடும். ரப்பர் வளையம் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். அடுத்த முறை வரும்போது ஒரு லிட்டர் ஜாடியில் நாலு எடுத்துவருகிறேன்.

பட்டறைப் பரணில் தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலிகள் இரண்டு கிடக்கின்றன அல்லவா, அவற்றை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். முன்சட்டத்திலும் பின்சட்டத்திலும் எத்தனை ஓட்டை, மையத்துக்கு மையம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். ஓட்டைக்குள் பழைய பிரம்பு அடைத்திருந்தால் துளைபோடாமல் ஆணியால் மேலிருந்து தட்டி எடுங்கள், சட்டம் பிளக்காது. அளவு வந்ததும் எந்த அகலப் பிரம்பு வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்