விஜயாவுக்கு, பேரனின் பள்ளி பற்றி

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்தது. மகனுக்குச் சென்னைக்கு மாற்றல் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இனி நீ இந்தப் பக்கம் வராமல் தப்பிக்க முடியாது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து கடைத்தெருவுக்குப் போவதுகூடப் பெரிய வேலையாகிவிட்டது. மற்றபடி சௌக்கியம்.

பேரனை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மாண்டிசோரியா, சி.பி.எஸ்.இ.யா, மெட்ரிக்கா என்று மருமகள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள் என்கிறாய். மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் கேட்கிறாய், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பிள்ளைகள் பொருள்களை எடுத்துச் செய்து தாங்களே கற்கிற மாண்டிசோரி முறை என்றால், இன்று சென்னையில் வசதியானவர்களின் படிப்பு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மாள் 1907-ல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கியது சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் கவனிப்பாரில்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காகத்தான். 1939-ல் நம் அடையாறுக்கே வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் நடந்த காலத்தில் கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார். குடிசைப் பிள்ளைக்கு என்று பிறந்த முறை, நம் ஊரில் வாசலில் கார் வந்து நிற்கிற பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம், அதே மாதிரியான ஒன்று எங்கள் பள்ளிகளுக்கும் வந்தது. செயல்வழிக் கற்றல் என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். அப்போது விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆணையராக இருந்தார். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு வந்து, நம் பாடத்துக்கு ஏற்றபடி கார்டுகள் தயாரித்தார்கள். மேசையும் பெஞ்சும் போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்கு, தரையை ஒட்டிக் கரும்பலகை. ஆசிரியரும் கூடவே தரையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் பாடத்தின் படிகளைக் காட்டும் ஏணிப் படத்தைப் பார்த்துத் தன் கார்டைத் தானே எடுத்து வரும், முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். 2007-08-ல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க இதுவே வந்துவிட்டது.

இதில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஒன்றுதான். என் வகுப்பில் பாதிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். தம்பிக்குக் காய்ச்சல் என்றாலும், பாட்டி ஊரில் திருவிழா என்றாலும், மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் நாள் கணக்கில் வர மாட்டார்கள். பழைய முறையில் அப்படி ஒரு பிள்ளை திரும்பி வந்தால் பாடம் எங்கேயோ போயிருக்கும். புரியாமல் கடைசி வரிசையில் உட்காரும், ஆறாம் வகுப்புக்குப் போகும்போதும் பேர் எழுதத் தெரியாமலே போகும். கார்டு முறையில் எந்தப் படியில் விட்டதோ அந்தப் படியிலிருந்தே தொடங்கலாம். யாரும் கேலி செய்ய மாட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரும் வேறு வேறு படியில்தான் இருப்பார்கள். பள்ளிக்கு வரவே பயந்த பிள்ளைகள் பயம் விட்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன் விஜயா.

குறையும் இருந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு டீச்சர் வைத்துக்கொண்டால் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார முடியாது. கார்டு கிழிந்தால் புதிது வரத் தாமதமாகும். ஆனால் எங்களை உண்மையில் தோற்கடித்தது பெற்றோரின் பார்வைதான். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அம்மா, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணை இரண்டாம் வகுப்பிலேயே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாள். "டீச்சர், ஹோம்ஒர்க் இல்ல, பரீட்சை இல்ல, எப்பப் பார்த்தாலும் பாய்ல உக்காந்து விளையாடுதுங்க" என்றாள். அவள் வேலை செய்த வீட்டுப் பிள்ளையும் பாயில் உட்கார்ந்து, ஹோம்ஒர்க் இல்லாமல்தான் படித்தது. அங்கே அது சுதந்திரமான கல்வி, எங்களிடம் அதே பாய் என்றால் சொல்லித்தர ஆளில்லை என்று பொருள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டையும் பெல்ட்டும் போட்ட பிள்ளைக்கு ஊரில் கிடைக்கிற மரியாதையைத் தினமும் பார்க்கிறவள் அவள். கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டினாள்.

அதனால்தான் எந்த முறை நல்லது என்ற கேள்வியை விட, எந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது, அவர்களோடு யார் உட்காருகிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது இந்த ஊரில் பழைய கதை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியதைப் பார்த்துத்தான், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூர் அனாதை விடுதியில் அதையும், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் செய்து பார்த்தார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போனது. ஆனால் இங்கே சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. அவர்களுக்கென்று பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்க 1894 ஆக வேண்டியிருந்தது. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் மதிய உணவு போட்டபோதுதான், பசியால் வராத பிள்ளைகளுக்கும் வகுப்பில் இடம் வந்தது.

இன்று சாதியின் பெயரைச் சொல்லி யாரையும் வெளியே நிறுத்துவதில்லை, கட்டணம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எங்கள் தெருவிலேயே காலையில் நான்கு வேன்கள் நான்கு திசையில் போகின்றன. அயர்ன் கடைக்காரர் பையன் நடந்து போகிறான். ஐந்து வயதில் பிரிகிற இவர்கள், பிறகு முதலாளியும் வேலைக்காரனுமாகவோ, அதிகாரியும் மனுக் கொடுப்பவனுமாகவோதான் சந்திப்பார்கள். கூடப் படித்திருந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும். சமச்சீர் கல்வி வந்தபோது நான் மிகவும் நம்பினேன். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காக இருந்ததை ஒன்றாக்கி, 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற திட்டம். புத்தகம் ஒன்றானது உண்மை. ஆனால் வசதியுள்ளவர்களில் பலர் அப்படியே சி.பி.எஸ்.இ. பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவீத இடம் எனக்குப் பெரிய விஷயம். என் பழைய மாணவி ஒருத்தியின் மகன் அப்படித்தான் ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்தான். ஆனால் அங்கே பிறந்தநாளுக்கு யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை என்று அவள் சொன்னபோது எனக்கு ஆறவில்லை.

சரி, உன் பேரன் விஷயம். மேலே போனால் மதிப்பெண்ணுக்காகவே வளர்க்கிற பள்ளிகள் எப்படியும் வழிமறிக்கும், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். இந்த வயதிலாவது வீட்டுக்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில் சேருங்கள். மருமகளை ஒரு மாநகராட்சிப் பள்ளியையும் உள்ளே போய்ப் பார்க்கச் சொல். பல பள்ளிகளில் இப்போது எல்.கே.ஜி., யு.கே.ஜி. இருக்கிறது, ஆங்கில வழியும் இருக்கிறது, 2022-லிருந்து காலை உணவும் வந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் வந்தால் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் கெட்டால் கேட்க ஆள் இருக்கும். தனியார் பள்ளிதான் என்று முடிவானால், 25 சதவீதத்தில் சேர்ந்த பிள்ளைகள் எந்த வகுப்பில், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று கேட்கச் சொல். தனிப் பிரிவு என்று சொன்னால் அந்தப் பள்ளி வேண்டாம்.

வீடு பார்க்க வரும்போது எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். நல்ல பள்ளிகளில் சேர்க்கை சீக்கிரமே முடிந்துவிடும், அதனால் முன்கூட்டி வரச் சொல். எனக்குத் தெரிந்த இரண்டு தலைமை ஆசிரியைகளிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நீயும் சேர்ந்து வந்தால் நல்லது. தேதியை எழுது.

அன்புடன்,
மல்லிகா